குலுக்கல் சீட்டா, வட்டிக் கணக்கா?

தீபாவளி வியாபாரம் முடிந்து கையில் நாலு காசு நிற்கும் நாட்களில்தான் புதிய சீட்டுகளின் நோட்டீசுகள் கடைவீதிக்கு வரத் தொடங்கும். கடலூர் முதுநகரிலும், திருப்பாதிரிப்புலியூரிலும், சிதம்பரம் நான்கு வீதிகளிலும் மளிகைக் கடை வைத்திருக்கும் நம் உறுப்பினர்கள் ஒவ்வோர் ஆண்டும் நம்மிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "மாதம் 500 ரூபாய் கட்டினால் மாதாமாதம் குலுக்கல் போடுகிறார்கள். விழுந்தால் பொருள், விழாவிட்டாலும் கட்டிய பணம் கடைசியில் வந்துவிடுகிறது. வங்கியில் போட்டால் கிடைக்கும் சொற்ப வட்டியைவிட இது மேல் அல்லவா?" என்பதுதான் அது. கேட்பவர்கள் விவரம் தெரியாதவர்கள் அல்ல. நாள் முழுவதும் தராசும் கணக்கும் கையாள்பவர்கள். ஆகவே நாமும் இதற்குப் புத்திமதி சொல்லாமல் கணக்காகவே பதில் சொல்ல முற்படுகிறோம்.

முதலில் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். லாட்டரிச் சீட்டு வேறு. அதில் பரிசு விழாவிட்டால் கொடுத்த காசு போனதுதான். தமிழ்நாட்டில் 1968-இல் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது அரசே தொடங்கிய பரிசுச் சீட்டு அந்த வகை. இடையில் நின்று, மீண்டும் நடந்து, 2003-இல் எல்லா லாட்டரிகளும் மாநிலத்தில் தடை செய்யப்பட்டன. ஏலச்சீட்டு இன்னொரு வகை. அதில் சீட்டை எடுத்தவரும் கடைசி வரை தவணை கட்டியாக வேண்டும். நாம் இங்கே பார்க்கப் போவது மூன்றாவது வகை. எல்லோரும் தவணை கட்டுவார்கள்; மாதம் ஒருவர் பெயர் குலுக்கலில் விழும்; விழுந்தவர் பொருளையோ பணத்தையோ வாங்கிக்கொண்டு அத்துடன் தவணையை நிறுத்திவிடலாம்; விழாதவர்களுக்குக் கடைசியில் கட்டிய முதல் திரும்பும். வட்டி கிடையாது, அல்லது பெயருக்கு ஒரு பாத்திரம். இதைக் குலுக்கல் சீட்டு என்றே குறிப்பிடுவோம்.

ஒரு சீட்டைப் பிரித்துப் பார்ப்போம்

ஓர் உதாரணத்தை எடுத்துக் கொள்வோம். 200 பேர் சேருகிறார்கள். மாதம் 500 ரூபாய், மொத்தம் 20 மாதம். மாதம் ஒருவருக்கு 10,000 ரூபாய். பெயர் விழுந்தவர் அந்த மாதத்தோடு விலகிவிடுகிறார். விழாத 180 பேருக்கு இருபதாம் மாதம் கட்டிய 10,000 ரூபாய் திருப்பித் தரப்படுகிறது.

நடத்துபவருக்கு வரவு எவ்வளவு? முதல் மாதம் 200 பேர், அடுத்த மாதம் 199 பேர், இப்படிக் குறைந்து இருபதாம் மாதம் 181 பேர். எல்லாம் கூட்டினால் 19,05,000 ரூபாய். அவர் கொடுக்க வேண்டியது? பரிசு 20 பேருக்கு 2,00,000. மீதிப் பேருக்கு 18,00,000. ஆக 20,00,000 ரூபாய். அதாவது வரவைவிடச் செலவு 95,000 ரூபாய் கூடுதல். இந்த 95,000 ரூபாய்தான் உண்மையில் 'பரிசு'. முதல் மாதமே பெயர் விழுந்தவர் 500 கட்டி 10,000 வாங்குகிறார். அவருக்கு லாபம் 9,500. பத்தாம் மாதம் விழுந்தவருக்கு 5,000. இருபதாம் மாதம் விழுந்தவருக்கு லாபம் ஒன்றுமில்லை. அவர் பெயர் விழுந்தும் விழாதவரே.

95,000 ரூபாயை 200 பேருக்கும் பங்கிட்டால் தலைக்கு 475 ரூபாய். ஒருவர் இந்தச் சீட்டில் சேரும்போது அவருடைய அதிர்ஷ்டத்தின் சராசரி விலை இவ்வளவுதான்.

இனி வட்டிப் பக்கம். அதே 500 ரூபாயை வங்கியில் தொடர் வைப்பாகக் கட்டினால்? ஆண்டுக்கு 6 சதவீதம் என்று வைத்துக் கொள்வோம். நம் கடைவீதிப் பேச்சில் நூற்றுக்கு ஐம்பது காசு வட்டி. முதல் தவணை 19 மாதம் கிடக்கும், அடுத்தது 18 மாதம், கடைசித் தவணைக்கு வட்டியில்லை. ஆக 190 மாதத்துக்கு 500 ரூபாய்க்கு வட்டி என்று கணக்கு. வருவது 475 ரூபாய். கூட்டு வட்டியாகப் பார்த்தால் சில ரூபாய் கூடும்.

இரண்டும் 475! படிக்கும் நண்பர்கள் சிலர் வியப்படையலாம். குலுக்கல் சீட்டு என்றாலே ஏமாற்று, கணக்கிலேயே நஷ்டம் என்று சொல்பவர்கள் உண்டு, அது சரியல்ல. நாணயமாக நடத்தப்படும் இப்படிப்பட்ட சீட்டு, சராசரிக் கணக்கில் வட்டிக்குச் சமம். பெயர் விழுந்தவர்களுக்குப் பணம் முன்னதாகவே கைக்கு வருவதையும் சேர்த்தால் ஒரு படி மேல் என்றுகூடச் சொல்லலாம். சேமிப்புக் கணக்கோடு ஒப்பிட்டால் வித்தியாசம் இன்னும் பெரிது. ஸ்டேட் வங்கி 2025 ஜூனில் சேமிப்புக் கணக்கு வட்டியை 2.5 சதவீதமாகக் குறைத்தது. அந்த விகிதத்தில் இதே பணத்துக்கு 198 ரூபாய்தான் வரும். நம்மில் பலர் கடைப் பணத்தை நடப்புக் கணக்கில் வைத்திருக்கிறோம். அதற்கு வட்டியே இல்லை.

ஆனால் சராசரி என்பது யார் வீட்டுக்கும் வருவதில்லை. 200 பேரில் 180 பேருக்கு நிச்சயமாகக் கிடைப்பது பூஜ்யம். அவர்கள் ஒவ்வொருவரும் 475 ரூபாய் வட்டியை இழக்கிறார்கள். பத்தில் ஒருவருக்குத்தான் பெயர் விழும். அதிலும் பாதிப் பேருக்குக் கிடைப்பது 5,000-க்குக் கீழ். முதல் மாதம் மிக்சி வாங்கிய ஒருவர் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு போவார். ஒன்றும் விழாத 180 பேர் வாய் திறக்க மாட்டார்கள். சீட்டு நடத்துபவருக்குச் செலவில்லாத விளம்பரம் அது.

நடத்துபவர் எங்கே சம்பாதிக்கிறார்?

வியாபாரி கேட்க வேண்டிய கேள்வி இதுதான். மேற்படி கணக்கில் நடத்துபவர் கையில் நிற்கும் பணம் மாதாமாதம் ஏறி, பத்தொன்பதாம் மாதம் பதினாறு லட்சத்தைத் தாண்டும். அதை அவரும் நூற்றுக்கு ஐம்பது காசு வட்டியில் வங்கியில் போட்டு வைத்தால் 20 மாதத்தில் அவருக்குக் கிடைப்பது ஏறக்குறைய 82,650 ரூபாய். கொடுக்க வேண்டிய பரிசோ 95,000. கையிலிருந்து 12,350 ரூபாய் போட வேண்டும். வசூலுக்கு அலையும் பையனுக்குச் சம்பளம், நோட்டீஸ் அச்சு, குலுக்கலுக்குப் பந்தல், டீ செலவு எல்லாம் தனி. நஷ்டத்துக்குத் தொழில் நடத்துபவரை நாம் எங்கும் கண்டதில்லை.

அப்படியென்றால் லாபம் வேறு வழியில் வருகிறது. ஒரு வழி பொருள். 10,000 ரூபாய் பீரோ என்று நோட்டீசில் போட்டிருக்கும். மொத்த விலையில் அவருக்கு அது 8,000-க்கோ அதற்கும் கீழோ அடங்கும். கடைசியில் ரொக்கம் கிடையாது, பொருள்தான் என்றால் 180 பேரிடமும் இந்த வித்தியாசம் அவருக்கு நிற்கும். இது வியாபாரம், குறை சொல்வதற்கில்லை. ஆனால் வாங்குபவர் தன் பணம் முழுசாகத் திரும்பியதாக நினைத்துக் கொள்வது தவறு. இன்னொரு வழி, நடுவில் நின்றவர்களின் பணம். எட்டு மாதம் கட்டி, பிறகு முடியாமல் போனவரின் 4,000 ரூபாய் பெரும்பாலும் திரும்புவதில்லை. நோட்டீசின் அடியில் பொடி எழுத்தில் அந்த நிபந்தனை இருக்கும்.

மூன்றாவது வழிதான் அபாயமானது. கையில் நிற்கும் பணத்தை நூற்றுக்கு 2 ரூபாய் வட்டிக்கு வெளியில் விட்டால் 82,650 ரூபாய் 3,30,600 ஆகிவிடும். அல்லது மனை வாங்கிப் போடுவார். நூற்றுக்கு 2 ரூபாய் வட்டிக்கு யார் வாங்குவார்கள்? வங்கி கொடுக்க மறுத்தவர்கள். அவர்களில் நாலைந்து பேர் நின்றுவிட்டால், அல்லது மனை விலைபோகாவிட்டால், இருபதாம் மாதம் 18 லட்சம் எங்கிருந்து வரும்? நடத்துபவர் கெட்டவராக இருக்க வேண்டும் என்பதில்லை. நல்லவராகவே இருந்து, இந்தக் கணக்கில் மாட்டிக்கொண்டு, பழைய சீட்டை அடைக்கப் புதிய சீட்டு ஆரம்பிப்பவர்கள்தான் அதிகம்.

இந்த அபாயத்துக்கு ஒரு விலை போட்டுப் பாருங்கள். இருபது சீட்டில் ஒன்று கடைசி நேரத்தில் முறிந்து, கட்டிய 10,000-மும் போகும் என்று வைத்துக் கொள்வோம். தலைக்குச் சராசரி நஷ்டம் 500 ரூபாய். நாம் மேலே கண்ட 475 ரூபாய் அதிர்ஷ்டத்தை அது விழுங்கிவிடுகிறது. இருபதில் ஒன்றுக்கு மேல் முறிவதில்லை என்று நம் பகுதியில் யாராவது உறுதி சொல்வார்களா?

அரசே நடத்தினால்?

நடத்துபவர் ஓடிவிட மாட்டார் என்ற உறுதி இருந்தால் இந்த வகைச் சேமிப்பில் தவறில்லை என்பதற்கு வெளிநாட்டில் எடுத்துக்காட்டு உண்டு. இங்கிலாந்து அரசு 1956 நவம்பரில் பிரீமியம் பாண்டு என்ற பத்திரத்தை வெளியிட்டது. வட்டி கிடையாது, முதல் எப்போது வேண்டுமானாலும் திரும்பும், வட்டியாகக் கொடுக்க வேண்டிய தொகை முழுவதும் குலுக்கல் பரிசாகப் போகிறது. 1957 ஜூனில் முதல் குலுக்கல். எண்களைத் தேர்ந்தெடுக்க 'எர்னி' என்று ஓர் இயந்திரத்தையே செய்தார்கள். 2023 செப்டம்பரில் அதன் பரிசு விகிதம் ஆண்டுக்கு 4.65 சதவீதம், ஒரு பவுண்டு பத்திரத்துக்கு ஒரு மாதத்தில் பரிசு விழும் வாய்ப்பு 21,000-இல் ஒன்று. அந்த விகிதத்தில் ஆயிரம் பவுண்டு வைத்திருப்பவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 56 பேருக்கு ஓர் ஆண்டு முழுவதும் ஒரு பரிசுகூட விழாது. அரசாங்கமே நடத்தினாலும் இந்தக் கணக்கு மாறாது. முதல் மட்டும் பத்திரம்.

நம் நாட்டிலும் இதைச் செய்து பார்த்தார்கள். 1960-இல், மொரார்ஜி தேசாய் நிதியமைச்சராக இருந்தபோது, மத்திய அரசு 5 ரூபாய்க்கும் 100 ரூபாய்க்கும் வட்டியில்லாப் பரிசுப் பத்திரங்களை வெளியிட்டது. ஐந்தாண்டு கழித்து முதல் திரும்பும், இடையில் குலுக்கல். பழைய கடைகளின் இரும்புப் பெட்டிகளில் அப்படி ஒன்று இன்னும் கிடந்தால் ஆச்சரியமில்லை. அந்த ஏற்பாடு நம்மிடம் நிலைக்கவில்லை. இன்று இந்தியாவில் வங்கிகளும்கூட வைப்புத்தொகை திரட்டப் பரிசுக் குலுக்கல் வைக்கக்கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் கட்டளை. வாடிக்கையாளருக்கு அவை கொடுக்கும் அன்பளிப்பும் 250 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது என்று 2016-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. எனவே "வங்கி குலுக்கல்" என்று யாராவது சொல்லிக்கொண்டு வந்தால் அங்கேயே சந்தேகப்பட வேண்டும்.

சட்டம் கடைக்காரரைத் தொடும் இடம்

தனியார் குலுக்கல் சீட்டு இந்தியாவில் சட்டவிரோதம். இது பலருக்குத் தெரிவதில்லை; தெரிந்தவர்களும் "ஊரில் எல்லோரும் நடத்துகிறார்களே" என்று விட்டுவிடுகிறார்கள். ரிசர்வ் வங்கி அமைத்த ஜேம்ஸ் ராஜ் குழு 1975-இல் இவ்வகைச் சீட்டுகளைத் தடை செய்யும்படி பரிந்துரைத்தது. அதன்படி 1978-இல் பரிசுச் சீட்டு மற்றும் பணச் சுழற்சித் திட்டங்கள் தடைச் சட்டம் வந்தது. எதிர்த்துத் தொடுத்த வழக்கில் 1980-இல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. நடத்துபவருக்கு மூன்றாண்டு வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும் உண்டு.

நம் உறுப்பினர்கள் கவனிக்க வேண்டியது, இந்தச் சட்டம் நடத்துபவரோடு நிற்கவில்லை என்பதுதான். சீட்டில் சேருவதையும், அதற்காகப் பணம் வாங்குவதையும், கொடுப்பதையும் அது தடை செய்கிறது. அத்தகைய சீட்டுக்கு இடம் கொடுப்பதும் தனிக் குற்றம். மளிகைக் கடைக்கு நாள்தோறும் ஐம்பது பேர் வருவதால், "உங்கள் கடையில் தவணை வாங்கி வையுங்கள், நூற்றுக்கு இவ்வளவு தருகிறோம்" என்று கேட்டு வருபவர்கள் இருக்கிறார்கள். கல்லாப் பக்கத்தில் சீட்டுப் புத்தகம் வைத்து வசூலித்துக் கொடுத்தால், நாளை சீட்டு முறிந்த அன்று சனங்கள் தேடி வருவது உங்கள் கடைக்குத்தான். காவல் துறை வருவதும் அங்கேதான். கமிஷன் நூறு ரூபாய்க்குப் பத்துத் தலைமுறைக் கடைப் பெயரை அடகு வைப்பதை நாம் எப்படி ஆதரிக்க முடியும்?

கடைக்காரரே நடத்தும் தீபாவளிச் சீட்டு, பொங்கல் சீட்டு பற்றியும் கேட்கிறார்கள். வாராவாரம் பணம் வாங்கி, பண்டிகைக்கு எண்ணெய், பருப்பு, வெல்லம், பட்டாசு என்று மூட்டையாகக் கொடுப்பது நம் பகுதியில் நெடுநாள் வழக்கம். இதில் குலுக்கலைச் சேர்த்தால் மேற்படி சட்டத்தில் போய் விழுகிறோம். குலுக்கல் இல்லாமலே செய்தாலும் சரக்குக்கு முன்பணம் என்ற எல்லைக்குள் நிற்க வேண்டும். ரொக்கமாக வட்டியோடு திருப்பித் தருவோம் என்று சொன்னால் அது வைப்புத்தொகை ஆகிவிடும். அனுமதியின்றி வைப்புத்தொகை வாங்கினால் 1997-ஆம் ஆண்டு தமிழ்நாடு முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டமும், 2019-ஆம் ஆண்டு மத்திய சட்டமும் இருக்கின்றன. விற்பனையைப் பெருக்கக் குலுக்கல் நடத்துவதையே நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நேர்மையற்ற வணிக முறைகளில் சேர்த்திருக்கிறது. வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு செய்வது நல்லது.

ஏலச்சீட்டை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். எடுத்தவர் மேற்கொண்டு தவணை கட்டுகிறாரா என்று பாருங்கள். கட்டினால் அது வழக்கமான சீட்டு. 1982-ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு செய்து நடத்தலாம். நடத்துபவரின் கமிஷன் 5 சதவீதமாக இருந்ததை 2019-இல் 7 சதவீதமாக உயர்த்தினார்கள். சீட்டுத் தொகைக்கு ஈடாக அவர் பிணைத்தொகை கட்ட வேண்டும். கடைக்குக் குளிர்பெட்டி வாங்கவோ, சீசனில் புளி, மிளகாய் மொத்தமாகப் பிடிக்கவோ ஒரே தொகை தேவைப்படும் வியாபாரிக்குப் பதிவு பெற்ற ஏலச்சீட்டு உதவும். அது கடனும் சேமிப்பும் கலந்தது, அதிர்ஷ்டம் அல்ல.

வரி விஷயத்தையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறோம். வட்டி உங்கள் மற்ற வருமானத்தோடு சேர்ந்து, வரம்புக்குக் கீழே இருந்தால் வரியில்லை. குலுக்கல் பரிசுக்கு வரம்பே கிடையாது. நேராக 30 சதவீதம்.

எங்கே போடலாம்?

அஞ்சலகத் தொடர் வைப்பு ஐந்தாண்டுக்கானது. 2023 அக்டோபரில் அதன் வட்டி 6.7 சதவீதமாக உயர்ந்தது. அந்த விகிதத்தில் மாதம் 1,000 ரூபாய் கட்டினால் 60,000 ரூபாய் ஐந்தாண்டு முடிவில் ஏறக்குறைய 71,366 ஆகிறது. மத்திய அரசு பொறுப்பு. கடைக்கே வந்து வசூலிக்கும் மகளிர் முகவர்களும் உண்டு. ஆனால் அதில் ஒரு சங்கடம்: மூன்றாண்டுக்கு முன் முடித்துக்கொள்ள முடியாது, ஓராண்டு கட்டிய பிறகு பாதி வரை கடன் வாங்கலாம். வங்கித் தொடர் வைப்பை ஆறு மாதம், ஓராண்டு என்று நமக்குத் தோதான காலத்துக்குப் போடலாம். அவசரம் என்றால் வட்டியில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து உடைக்கலாம். ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. 2020-க்கு முன் அது ஒரு லட்சமாக இருந்தது.

உடைக்க முடிவது எவ்வளவு முக்கியம் என்று கடலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரை கடந்தபோது ஓடும் தகரமும் பறந்து, சரக்கு நனைந்து, மறுநாளே ரொக்கம் தேவைப்பட்டது. 2015 வெள்ளத்திலும், 2024-இல் ஃபெஞ்சல் புயல் மழையிலும் அதே கதை. குலுக்கல் சீட்டில் பதினோராம் மாதம் போய் "என் பணத்தைக் கொடுங்கள்" என்று கேட்டால் என்ன பதில் வரும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, நம் தொழிலுக்கே உரிய ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது. மொத்த வியாபாரியிடம் ஒரு மாதத் தவணையில் சரக்கு எடுக்கிறீர்கள். ரொக்கமாகக் கொடுத்தால் நூற்றுக்கு ஒன்றரை ரூபாய் தள்ளித் தருகிறேன் என்கிறார். ஒரு மாதத்துக்கு ஒன்றரை என்றால் ஆண்டுக்கு 18 சதவீதம். வங்கியோ அஞ்சலகமோ இதில் பாதிகூடத் தராது. மாதம் 500 ரூபாய் வீதம் சீட்டில் முடக்கும் 10,000 ரூபாயைக் கொள்முதலில் ரொக்கமாகச் சுழல விட்டால் மாதத்துக்கு 150 ரூபாய். இருபது மாதத்துக்கு 3,000 ரூபாய். பணம் சிறுகச் சிறுகச் சேர்வதால் இதில் பாதிதான் கிடைக்கும் என்றாலும் 475-ஐப் போல மூன்று மடங்கு. குலுக்கல் பார்க்கப் போகும் நேரமும் மிச்சம். அதேபோல் தண்டல்காரரிடம் வாங்கிய கடன் இருக்கும்போது ஒரு பக்கம் சீட்டுக் கட்டிக்கொண்டிருப்பவர்களும் நம்மில் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தண்டலை அடைப்பதைவிட நல்ல வட்டி தரும் சேமிப்பு வேறு இல்லை.

தினக் கல்லாவிலிருந்து எடுத்து வைக்கும் பழக்கம் வேண்டும், அதற்காகவே சீட்டில் சேர்கிறோம் என்பவர்களின் வாதம் நியாயமானது. 1928-இல் உடுப்பிப் பக்கத்தில் சிண்டிகேட் வங்கி தினம் இரண்டணா வசூலித்து 'பிக்மி' டெபாசிட் தொடங்கியதே இப்படிப்பட்ட சிறு வியாபாரிகளுக்காகத்தான். அந்த வங்கி 2020-இல் கனரா வங்கியோடு இணைந்துவிட்டது. தினசரி அல்லது வாராந்திர வசூல் வசதி உங்கள் கிளையில் உண்டா என்று மேலாளரிடம் கேட்டுப் பாருங்கள். கட்டிய ஒவ்வொரு தொகைக்கும் முகவர் கையெழுத்து மட்டும் போதாது. மாதம் ஒருமுறை பாஸ் புத்தகத்தைக் கிளையிலேயே கொடுத்து வரவு வைத்து வாங்கிக் கொள்ள வேண்டும்.

ஏற்கெனவே ஏதேனும் சீட்டில் சேர்ந்திருக்கும் உறுப்பினர்கள் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, பதிவுத் துறையின் சீட்டுப் பதிவாளர் அலுவலகத்தில் சரிபார்க்கலாம். பதிவு எண் இல்லை, பெயர் விழுந்தவர் தவணை கட்டுவதுமில்லை என்றால், கட்டிய ரசீதுகளையும் நோட்டீசையும் பத்திரப்படுத்திக்கொண்டு அடுத்த தவணைக்கு முன்பே வக்கீலைக் கலந்து, கட்டிய பணத்தைக் கேட்டு எழுத்து மூலம் கொடுப்பது நல்லது. சீட்டு முறிந்த பிறகு பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் கொடுப்பதற்கும் அதே காகிதங்கள்தான் தேவைப்படும்.